முட்டை விலை, இரண்டு ஊர்

ஞாயிறு காலை பத்து மணிக்கு
நானும் ரெனேட்டாவும் கடைக்குப் போவோம்.
நான் ஈரியில். அவள் நாக்ஸ்வில்லில்.
நடுவே பத்து மணி நேரச் சாலை;
காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி.

"முட்டை?" என்பாள்.
"டஜன் மூன்று டாலர் பத்து."
"இங்கே இரண்டு எண்பது."
இட்டதே தான்தான் என்பதுபோல்
கொக்கரிப்பாள் என் தங்கை.

பால், ரொட்டி, கொத்திய மாட்டிறைச்சி,
பூனைத் தீனி, பற்பசை.
மலிந்த ஊருக்கு ஒரு புள்ளி.
நான்கு வருடமாய் நடக்கிற ஆட்டம்,
ஹாலிஸுக்குக் கூரை வேலை கிடைத்து
அவர்கள் தெற்கே போன மாதத்திலிருந்து.
தோற்றவர் மூட்டை கட்ட வேண்டும் என்பது விதி.
இதுவரை ஒரு முடிச்சும் யாரும் போடவில்லை.

எங்கள் ஊருக்கும் ஏரிக்கும் ஒரே பெயர்.
நவம்பர் வந்தால் ஏரி எழுந்து
பனியாய் ஊருக்குள் குடிவரும்;
வாடகை தராது, படிக்கட்டை மறிக்கும்.
தெருவில் தூவுகிற உப்பு
காரின் அடிவயிற்றைத் தின்னும்.
என் மாடிப் போர்ஷனில்
சூடாக இருப்பது எரிவாயு பில் ஒன்றுதான்.
இதில் வளர்ந்தவள்தான் அவளும்.
ஆனாலும் கேட்பாள்: "இந்த மாதம் எவ்வளவு?"

"எங்கள் மாநிலம் சம்பளத்தில் கை வைக்காது" என்பாள்.
"ரொட்டியில் வைக்கிறதே" என்பேன்.
"இங்கே சட்டைக்குக்கூட வரி இல்லை, ரெனேட்டா."
"சட்டைக்கு மேல் எத்தனை கோட்டு போடுகிறாய்?
அதையும் கூட்டு."
ஜூலையில் வீட்டிலிருந்து பேசும்போது
அவளுக்குப் பின்னால் ஏசி
மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும்.
அதை நான் கூட்டிக் காட்டியதில்லை.

பிப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு
ஒரு காபிக் கோப்பை அனுப்பினாள்.
உடையாமலிருக்கத் திணித்த காகிதங்களில்
கசங்கிய கடைச் சீட்டு ஒன்று.
மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினேன்.
ஜனவரி, இரண்டாம் ஞாயிறு, பத்து நாற்பது.
முட்டை: நான்கு டாலர் இருபது.
அன்று அவள் சொன்னது இரண்டு தொண்ணூறு.
கீழே இன்னும் இரண்டு வரி.
ஸ்ட்ராபெர்ரி, நீக்கம்.
ஹாம், நீக்கம்.

அந்த ஸ்ட்ராபெர்ரியை எனக்குத் தெரியும்.
"வாசனை எட்டுகிறதா லூட்மிலா,
இரண்டு பெட்டி வாங்குகிறேன்" என்று
போனில் மோந்து காட்டினாளே, அதேதான்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
எந்த முகத்தோடு வரும்?
என் மூன்று டாலர் பத்து
எந்த அலமாரியிலும் ஒட்டியிராத விலை.
பிளாஸ்டிக் ஆலையில் இரவு ஷிப்டைக் குறைத்ததும்
வீட்டுக்காரர் ஃபென்ஸ்டர்மேக்கர்
வாடகையில் தொண்ணூறு ஏற்றியதும்
என் கணக்குக்குள் வரவே இல்லை.
எரிவாயுவுக்கு நூற்றெழுபது கட்டிவிட்டு
எண்பது என்றவள் நான்.
அவளை இங்கே இழுக்க நானும்
என்னை அங்கே இழுக்க அவளும்
சில்லறை சில்லறையாய்க் குறைத்துக் குறைத்து
எந்த வரைபடத்திலும் இல்லாத
இரண்டு ஊர்களைக் கட்டியிருந்தோம்.

சீட்டை மடித்துக் கோப்பைக்குள்ளேயே போட்டேன்.

அடுத்த ஞாயிறு.
"முட்டை?" என்றாள்.
கண்ணெதிரே அட்டை: நான்கு டாலர் ஐந்து.
"இரண்டு டாலர்" என்றேன்.
மறுமுனையில் தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டு நின்றது.
"இங்கே ஒன்று தொண்ணூறு."
"இப்போதுதான் மாற்றி ஒட்டுகிறார்கள். ஒன்று ஐம்பது."
"ஒன்று இருபது. பெரிய முட்டை."
குரல் நடுங்கியது, சிரிப்போ என்னவோ.
"ஒரு டாலர், ரெனேட்டா,
ஒரே ஒரு டாலர்!"
கத்திவிட்டேன் போலிருக்கிறது.
தயிர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர்
வண்டியைத் திருப்பிக்கொண்டு விரைந்து வந்தார்:
"எங்கேம்மா? எந்தத் தட்டில்?"